பதவிக்கேற்ற தடுப்பான்

ஓர் அலுவலகத்தில் யார் பெரியவர் என்று தெரிந்துகொள்ள முன்பெல்லாம் நாற்காலியைப் பார்த்தால் போதும். கைப்பிடி இல்லாதது எழுத்தருக்கு, கைப்பிடி உள்ளது கண்காணிப்பாளருக்கு, சுழல்வது அதிகாரிக்கு. இந்த ஏற்பாட்டில் யாருக்கும் மனக்குறை இருந்ததில்லை. குடிநீர் இணைப்பு அலுவலகத்தில் யாரோ ஒரு புண்ணியவான் எல்லாருக்கும் சுழல்நாற்காலி வாங்கிப் போட்டார். வினை அன்றைக்கே ஆரம்பித்துவிட்டது.

அந்த அலுவலகத்தின் இணைப்புப் பிரிவில் ஓர் எழுத்தர் இருந்தார். ஊருக்கெல்லாம் குழாய் இணைப்பு வாங்கிக் கொடுப்பவர் அவர்தான். அவர் வீட்டில் மட்டும் குழாய் இல்லை. தன்னுடைய விண்ணப்பத்தைத் தானே பரிசீலித்து, தானே பரிந்துரைத்து, அதிகாரியின் கணினிக்கு அனுப்பி வைத்திருந்தார். அதிகாரி ஒப்புதல் பொத்தானை அழுத்தினால் ஆணை இவருடைய கணினிக்கே திரும்பி வரும். இவர் அதைத் திறந்து அச்சடித்துக் குழாய்ப் பிரிவுக்குக் கொடுத்தால் மறுநாளே வீட்டுக்குத் தண்ணீர் வந்துவிடும். ஆணை இணைப்புப் பிரிவுக் கணினியில் மட்டும்தான் திறக்கும் என்பது விதி. அந்த விதி தன் நாற்காலிக்குக் கிடைத்த பெருமை என்று எழுத்தர் அப்போது நினைத்துக்கொண்டிருந்தார்.

அதுவரை தண்ணீர் பக்கத்து வீட்டிலிருந்து வந்தது. பக்கத்து வீடு மனைவியின் அக்கா வீடு. அக்காவின் கணவர், அதாவது எழுத்தரின் சகலை, ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் வேலை பார்த்தார். காலையில் குழாயடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்வது அவர் வழக்கம்.

"வழி விடுங்கப்பா, குடிநீர் ஆபீஸ்காரர் வீட்டுல இருந்து தண்ணிக்கு வர்றாங்க" என்று தினமும் சொல்வார். தினமும் தானே சிரித்துக்கொள்வார். எழுத்தரின் மனைவி ஒருநாள் வாளியைக் கணவர் முன்னால் டங்கென்று வைத்தாள்.

"இனிமே நான் போறதா இல்லைங்க. அத்தான் பேச்சைக் காது குடுத்துக் கேக்க முடியல. உங்க ஆபீஸ், உங்க சகலை. நீங்களே போயிக்குங்க."

அன்றிலிருந்து எழுத்தர் வாளியோடு போனார். வாளி நிரம்பும் வரை சகலையின் முன்னால் கைகட்டி நிற்பது எவ்வளவு பெரிய தண்டனை என்று நின்றவர்களுக்குத்தான் தெரியும். குழாயில் தண்ணீரும் நூல் மாதிரித்தான் வரும்.

இந்த நிலையில்தான் அலுவலகத்தில் ஓர் ஆய்வுக் கூட்டம் நடந்தது. வெளியிலிருந்தெல்லாம் பெரியவர்கள் வந்திருந்தார்கள். அதிகாரி சுவரில் பெரிதாகத் திரை விரித்து நீர்மட்டம் ஏறிய விதத்தை விளக்கிக்கொண்டிருந்தார். திடீரென்று நீர்மட்டம் மறைந்து ஒரு விளம்பரம் குதித்தது. 'முடி கொட்டுகிறதா? கவலையை விடுங்கள்' என்றது. கொட்டுவதற்கு அதிகாரியின் தலையில் ஒன்றும் மிச்சமில்லை. கூட்டத்தில் யாரும் சிரிக்கவில்லை. ஏழெட்டுப் பேருக்கு மட்டும் ஒரே நேரத்தில் இருமல் வந்தது.

மறுநாள் சுற்றறிக்கை வந்தது. 'அலுவலகத் திரையில் அதிகாரிகளின் தோற்றப் பொலிவு குறித்துக் கருத்துத் தெரிவிக்கும் விளம்பரங்கள் யாவும் உடனடியாகத் தடுத்து நிறுத்தப்பட வேண்டும்' என்றது அது. கம்ப்யூட்டர்காரரை அழைத்தார்கள். அவர் பழுது பார்க்க வரும் ஆள். வாய்க்கு வந்ததைச் சொல்கிறவர் அல்ல. அதனாலேயே அவர் சொன்னதை யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை. எழுத்தர் அப்போது கையெழுத்துக்காக அதிகாரியின் அறையில் நின்றிருந்தார்.

"விளம்பரத் தடுப்பான்னு ஒண்ணு இருக்கு சார். பிரவுசர்ல ஒரு ஓரமா உக்காந்துக்கும். விளம்பரம் வந்தா உள்ள விடாது" என்றார் கம்ப்யூட்டர்காரர்.

"எனக்கு எத்தனை போடுவே?"

"ஒண்ணு போதும் சார்."

"எழுத்தருக்கு?"

"அவருக்கும் ஒண்ணு."

அதிகாரி நாற்காலியை ஒரு சுற்றுச் சுற்றி நின்றார். "அவருக்கும் ஒண்ணு, எனக்கும் ஒண்ணு. அப்புறம் எனக்கு எதுக்குய்யா தனி ரூம்?"

"இல்ல சார், நிறையப் போட்டா மெஷின் திணறும். ஒவ்வொரு பக்கம் வரும்போதும் ஒவ்வொரு தடுப்பானும் தனித்தனியா முழுசா படிச்சுப் பாக்கும். எல்லாம் படிச்சு முடிச்சு விட்டாத்தான் பக்கம் வெளியே வரும்."

"நம்ம கோப்பு ஒவ்வொண்ணும் எத்தனை மேசை தாண்டி வருது? நாம என்ன திணறவா செய்றோம்?"

கம்ப்யூட்டர்காரர் பையைத் திறந்தார். எழுத்தருக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

ஆக, பதவிக்கேற்பத் தடுப்பான் வழங்கும் திட்டம் நடைமுறைக்கு வந்தது. எழுத்தருக்கு இரண்டு, கண்காணிப்பாளருக்கு ஐந்து, அதிகாரிக்குப் பன்னிரண்டு. சங்கச் செயலாளர் வாசலில் நின்று கொடி பிடித்ததில் எழுத்தருக்கு மூன்றாக உயர்ந்தது. பன்னிரண்டு வகை தேடிப் பிடிப்பதற்குள் கம்ப்யூட்டர்காரருக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. ஏழாவது தடுப்பான் தானே ஒரு விளம்பரம் போட்டது. அதைத் தடுக்க எட்டாவதைப் போட்டார்கள். ஒன்பதாவது, 'இன்று எத்தனை விளம்பரங்களைத் தடுத்தேன் தெரியுமா' என்று மணிக்கொரு தரம் பீற்றிக்கொண்டது. பத்தாவதும் பதினொன்றாவதும் ஒன்றை ஒன்று விளம்பரம் என்று நினைத்துக் கட்டிப் புரண்டன. பன்னிரண்டாவது என்ன செய்தது என்று கடைசிவரை தெரியவில்லை. அது அந்தஸ்துக்காக இருந்தது.

அதிகாரியின் கணினி காலையில் போட்டால் மதிய சாப்பாட்டுக்குள் திறந்துவிடும். அதற்குள் மின்விசிறி மாதிரி உறுமி, அடுப்பு மாதிரி சுடும். அறைக்குள் வந்தவர்கள் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். உள்ளே ஏதோ பெரிய காரியம் நடக்கிறது என்ற எண்ணம் தானாக வந்தது. தட்டியவுடன் திறக்கும் கணினி வைத்திருந்தவர்கள் வெட்கப்பட ஆரம்பித்தார்கள். "என்னுது கொஞ்சம் சீக்கிரம் திறந்திடுது" என்று கண்காணிப்பாளர் ஒருநாள் குறைபட்டுக்கொண்டபோது, வீட்டுக் கஷ்டத்தைச் சொல்வதுபோல அவர் குரல் கம்மிவிட்டது.

இந்த மோகம் மற்ற அலுவலகங்களுக்கும் பரவியது. காப்பீட்டு அலுவலகத்துக்கும் போனது. ஒருநாள் குழாயடியில் சகலை காலை நீட்டிக்கொண்டு, "எனக்கு நாலு குடுத்திருக்காங்க. உனக்கு எத்தனை?" என்றார்.

"மூணு" என்றார் எழுத்தர்.

"மூணா" என்றார் சகலை. அவ்வளவுதான் சொன்னார். எழுத்தருக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

எப்படியாவது வீட்டுக்குக் குழாய் வந்துவிட்டால் இந்த முகத்தில் விழிக்க வேண்டாம் என்று அவர் விண்ணப்பத்தைப் பற்றி விசாரிக்கப் போனார். அதிகாரி திரையைக் காட்டினார். விண்ணப்பம் இருந்தது. ஒப்புதல் பொத்தானைக் காணோம்.

கம்ப்யூட்டர்காரர் வந்து பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். "ஒப்புதல் பொத்தான் கண்ணுல படணும்னு பச்சைக் கலர்ல மினுக்குற மாதிரி செஞ்சிருக்காங்க சார். மேல 'இங்கே அழுத்துங்கள்'னு வேற எழுதியிருக்கு. தடுப்பான் அதை விளம்பரம்னு தூக்கிருச்சு."

"நிராகரிப்புப் பொத்தான் இருக்கே."

"அது சாம்பல் கலரா, சும்மா கிடக்கு சார். அதை எதுக்குத் தடுக்கப் போவுது?"

"நாலஞ்ச எடுத்துட்டுப் பாக்கலாமா சார்" என்று எழுத்தர் வாய் தவறிக் கேட்டுவிட்டார்.

"எத்தனை எடுக்கணும்?" என்று அதிகாரி கம்ப்யூட்டர்காரரைக் கேட்டார்.

"ஒண்ணே ஒண்ணு வச்சுக்கலாம் சார். ரெண்டாவதே பொத்தானைத் தூக்கிரும்."

அதிகாரி எழுத்தரை ஏற இறங்கப் பார்த்தார். "உங்களுக்கு மூணு. எனக்கு ஒண்ணு. அப்படித்தானே?"

எழுத்தர் அசடு வழிய வெளியே வந்தார்.

ஒப்புதல் நின்றுபோனதில் ஊரில் பாதிப் பேர் வாளியோடு அலைந்தார்கள். புகார் கொடுக்கலாம் என்றால், புகார்ப் பெட்டி திரையில் தனியாகத் துள்ளி வந்து திறக்கும் வகை. புகார்ப் பிரிவின் தடுப்பான்கள் அதையும் விழுங்கிவிட்டன. புகாரே வராத ஒரே அலுவலகம் என்று மேலிடத்திலிருந்து அதிகாரிக்குப் பாராட்டுக் கேடயம் வந்தது. பொதுமக்களின் மனநிறைவு பற்றி அவர் உருக்கமாகப் பேசினார். எழுத்தரும் கைதட்டினார். தட்டாமல் இருந்தால் தெரிந்துவிடும்.

அன்று மாலை கேடயத்தைத் துடைத்துக்கொண்டிருந்த அதிகாரியின் முன்னால் எழுத்தர் போய் நின்றார். ஒரு முடிவோடுதான் போயிருந்தார். அவர் பொய் சொல்லிப் பழகியவர் அல்ல. அதனால் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"சார், காத்து வாக்குல ஒண்ணு கேள்விப்பட்டேன். மேலிடத்துல பெரியவருக்கு ஒரு தடுப்பான்கூட இல்லையாம்."

"என்னது?"

"பூஜ்யமாம் சார். தடுப்பான் வச்சுக்கிறதெல்லாம் விளம்பரத்துக்குப் பயந்தவங்க செய்யறதாம். அவரைப் பாத்தா விளம்பரம் தானா ஒதுங்கிப் போயிடுமாம்."

அதிகாரி கேடயத்தைக் கீழே வைத்தார். "நானும் நினைச்சேன்" என்றார். "இந்தப் பன்னிரண்டு எனக்கே ஒரு மாதிரி சின்னத்தனமா இருந்துச்சு."

மறுநாள் காலை கம்ப்யூட்டர்காரர் பன்னிரண்டையும் எடுத்தார். கணினி படக்கென்று திறந்தது. விளம்பரங்கள் நாலா பக்கமும் குதித்தன. அதிகாரி அசையாமல் அவற்றை உற்றுப் பார்த்தார். முடிகொட்டும் விளம்பரம் வந்தபோதுகூட இமைக்கவில்லை. நடுவில் பச்சையாக மினுக்கிய பொத்தானை அழுத்தினார். எழுத்தருக்குக் கண் கலங்கிவிட்டது. மனைவிக்கு உடனே போன் போட்டு, "நாளைக்குக் குழாய் வந்துரும். இனிமே அக்கா வீட்டுக்கு வாளியோட போக வேண்டாம்" என்றார். "நிஜமாவா" என்று அவள் இரண்டு முறை கேட்டாள். அந்தக் குரலைக் கேட்டு எத்தனை நாளாயிற்று என்று அவருக்கு இருந்தது.

அவர் தன் இருக்கைக்குத் திரும்புவதற்குள் கம்ப்யூட்டர்காரர் அதிகாரியிடம், "எடுத்ததை எல்லாம் அழிச்சிரட்டுமா சார்?" என்று கேட்டிருக்கிறார்.

"அரசாங்கச் சொத்தை அழிக்கவா?"

"சொத்தெல்லாம் இல்ல சார். அது ஒரு பொருளே கிடையாது."

"பொருளே கிடையாதுன்னா இத்தனை நாள் நான் என்னத்தை வச்சுக்கிட்டிருந்தேன்?"

ஆகவே அவற்றைப் பதவிக்கேற்ப மறுபங்கீடு செய்வது என்று முடிவாயிற்று. பூஜ்யம் உச்சம் என்றால், கீழே போகப் போகக் கூட வேண்டும் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். கண்காணிப்பாளர் ஒன்றே ஒன்றை வைத்துக்கொண்டு நாலைக் கொடுத்தார். பிரிவில் கடைசியாக இருந்தவர் எழுத்தர். பன்னிரண்டும் நாலும் அவரிடம் ஏற்கெனவே இருந்த மூன்றோடு சேர்ந்தன. அவர் மேசைக்கு வந்தபோது கணினி உறும ஆரம்பித்திருந்தது.

திரையில் ஒரு வரி தெரிந்தது: 'உங்களுக்கு ஓர் ஆணை வந்துள்ளது.' பக்கத்தில் 'திறக்க இங்கே அழுத்துங்கள்' என்று ஒரு பச்சைப் பொத்தான் ஒரு விநாடி மினுக்கியது. பிறகு பத்தொன்பது பேர் சேர்ந்து அதைத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

"இதை எடுக்க முடியாதா?" என்றார் எழுத்தர்.

"எடுக்கலாம் சார். அதிகாரி ஒப்புதல் வேணும்" என்றார் கம்ப்யூட்டர்காரர்.

எழுத்தர் அதிகாரியிடம் ஓடினார். அதிகாரி விளம்பரங்களுக்கு நடுவே நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். "எடுத்துட்டா உங்களுக்கும் பூஜ்யம் ஆயிடுமே" என்றார் அவர், மிகவும் அன்பாக. "எனக்கு எதுக்கு அப்புறம் தனி ரூம்?"

மறுநாள் காலை எழுத்தர் வழக்கம்போல வாளியோடு போனார். மனைவி அவர் முகத்தைப் பார்க்கவே இல்லை. குழாயடியில் அவர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. சகலை எழுந்து நின்றிருந்தார்.

"வாங்க சகலை. உக்காருங்க."

எழுத்தர் திரும்பிப் பார்த்தார். பின்னால் வேறு யாரும் இல்லை.

"உங்களுக்குப் பத்தொன்பதாமே? எங்க ஆபீஸ் பூரா இதே பேச்சு. எங்க மேனேஜருக்கே எட்டுதான். உங்க மெஷின் திறக்கவே திறக்காதாமே, நிஜமா?"

பூஜ்யத்தின் மகிமை காப்பீட்டு அலுவலகத்துக்கு இன்னும் போய்ச் சேரவில்லை. உண்மையைச் சொல்லிவிடலாம் என்றுதான் எழுத்தர் வாயைத் திறந்தார். நாற்காலி சொகுசாக இருந்தது. சகலையே வாளியைக் குழாயின் கீழே நகர்த்தி வைத்தார். அக்கா உள்ளேயிருந்து டீ கொண்டு வந்தாள்.

"ஆமா" என்றார் எழுத்தர். "காலையில போட்டா சாயங்காலம் வரைக்கும் ஓடும். ஆனா திறக்காது."

"அடேயப்பா" என்றார் சகலை. "பெரிய இடம்."

வீட்டுக்கு வந்ததும் மனைவி வாளியை வாங்கிக்கொண்டே, "ஆணை என்னாச்சுங்க?" என்றாள்.

"பரிசீலனையில இருக்கு" என்றார் எழுத்தர். ஊராரிடம் சொல்லிச் சொல்லி அவருக்கு நன்றாகவே வரும் பதில் அது. பிறகு பின்கட்டுக்குப் போய், இதைவிடப் பெரிய வாளி ஏதாவது இருக்கிறதா என்று தேட ஆரம்பித்தார். அது நிரம்ப இன்னும் கொஞ்சம் நேரமாகும்.