வராத அஞ்சு

கணக்கு படித்தவர்களிடம் ஒரு திமிர் உண்டு. எண்ண மாட்டார்கள். எண்ணுவதெல்லாம் ஒன்றாம் வகுப்பு வேலை என்று நினைப்பு. எம்.எஸ்சி., பி.எட். முடித்த எனக்கு அந்தத் திமிர் கொஞ்சம் தூக்கலாகவே இருந்தது. செஞ்சியில் ஒரு பள்ளிக்கூடத்தில், நாற்பது பிள்ளைகள் முன்னால் அது இறங்கியது.

மகள் பிறந்து மூன்று வருடம் வல்லத்தில் மாமியார் வீட்டிலேயே இருந்தேன். வேலை தேடி செஞ்சியில் இரண்டு பள்ளிகளில் மாதிரி வகுப்பு எடுத்தேன். "சொல்லி அனுப்புறோம்" என்றார்கள். (இன்று வரை சொல்லி அனுப்பவில்லை.) மூன்றாவதும் கைவிட்டால் எனக்கு வேறு போக்கிடம் இல்லை. வீட்டில் உட்கார்ந்து உட்கார்ந்து பைத்தியம் பிடித்துவிடும் போலிருந்தது. அந்த மூன்றாவது பள்ளியில் பத்தாம் வகுப்புக்கு நிகழ்தகவு எடுக்கச் சொன்னார்கள். எல்லோரையும் போல போர்டில் எழுதிவிட்டு வந்தால் ஆயிற்றா? நிஜச் சீட்டுக்கட்டோடு போய் அசத்த வேண்டாமா?

சீட்டுக்கட்டுக்கு எங்கே போவது? கடையில் கேட்டால், நான் வீடு திரும்புவதற்குள் விஷயம் அத்தை காதுக்குப் போய்விடும். அத்தைக்குச் சீட்டு என்றாலே ஆகாது. என் தவிப்பைப் பார்த்த மாமா, அத்தை மாட்டுக்குத் தண்ணி காட்டப் போன நேரமாகப் பார்த்து, வண்டி டிக்கியிலிருந்து ஒரு கட்டை எடுத்து நீட்டினார். மார்க்கெட் கமிட்டிக்கு நெல் மூட்டையோடு போனால் விலை போடும்வரை பொழுது போக வேண்டுமே, அதற்காக வைத்திருப்பதாம்.

"முழுசா இருக்குதா மாமா?"

"எண்ணிப் பாத்துட்டுதாம்மா குடுக்குறேன். ஒண்ணு கொறையாது. அத்தைகிட்ட மட்டும் மூச்சு விடாத."

மறுநாள் வகுப்பில், "ஒரு கட்டில் 52 சீட்டு" என்று முத்து முத்தாக எழுதினேன். ஸ்பேட் வர வாய்ப்பு 13/52, அதாவது கால் பங்கு. ஐந்து வர வாய்ப்பு 4/52, அதாவது பதின்மூன்றில் ஒன்று. பின்வரிசையில் தலைமையாசிரியை கையைக் கட்டி உட்கார்ந்திருந்தார்.

"ஆளுக்கு ஒண்ணு எடுத்துப் பாத்துட்டுத் திருப்பி வைங்க. மூணு பேருக்காவது அஞ்சு வரும் பாருங்க!"

ஸ்பேட் சொல்லி வைத்த மாதிரி பத்துப் பேருக்கு வந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. ஆனால் ஐந்து? ஒருவருக்கும் இல்லை. "நிகழ்தகவு சத்தியம் பண்ணிக் குடுக்காதுப்பா" என்று சமாளித்து, நன்றாகக் கலைத்து, இன்னொரு சுற்று விட்டேன். அப்போதும் இல்லை. ஏஸ் மட்டும் இரண்டு சுற்றிலும் சேர்த்துப் பதினோரு தடவை எட்டிப் பார்த்தது. (முழுக் கட்டில் எண்பது தடவை எடுத்தும் ஐந்தே வராமலிருக்க வாய்ப்பு ஆயிரத்தில் இரண்டுகூடத் தேறாது. இதை அன்றிரவு போட்டுப் பார்த்தேன். வகுப்பில் போட்டிருந்தால் மானம் தப்பியிருக்கும்.) மூன்றாவது சுற்றுக்கு ஆயத்தமானபோது முன்வரிசைப் பெண் ஒருத்தி எழுந்தாள்.

"மிஸ், தப்பா நெனச்சிக்காதீங்க. இது முன்னூத்திநாலு ஆடுற கட்டு. எங்க நைனாதும் இதே மாரிதான். ரெண்டுலருந்து ஆறு வரைக்கும் எடுத்துப் போட்டுருவாங்க."

"உனக்கு எப்படித் தெரியும்?" என்றார் தலைமையாசிரியை.

"ஆள் சேரலன்னா என்னியதான் கூப்டுவாரு மேம்."

வகுப்பு கொல்லென்று சிரித்தது. "எண்ணுங்க" என்றார் அவர் என்னைப் பார்த்து.

எண்ணினேன். முப்பத்திரண்டு. காது இரண்டும் எரிந்தன. மாமா பொய் சொல்லவில்லை. அவர் ஆட்டத்துக்கு முப்பத்திரண்டுதான் முழுக் கட்டு. ஐம்பத்திரண்டு என்று எழுதிய மேதை நான்தான்.

போர்டில் இருந்ததை அழித்தேன். "தப்பு என்னுது. எண்ணாம எழுதிட்டேன். இந்தக் கட்டுல அஞ்சு வர வாய்ப்பு எவ்ளோ?"

"ஜீரோ மிஸ்!" கூரை அதிர்ந்தது.

ஏஸ் அல்லது ஸ்பேட்? ஏஸ் நாலு, ஸ்பேட் எட்டு. ஸ்பேட் ஏஸை இரண்டு தடவை எண்ணிவிட்டோம், ஒன்றைக் கழித்தால் 11/32 என்று அந்தப் பெண்ணே சொன்னாள். திருப்பி வைக்காமல் அடுத்தடுத்து இரண்டு ஏஸ் வர, 4/32 பெருக்கல் 3/31. பாதியில் சாக்பீஸ் உடைந்தது. ஆனாலும் முடித்தேன்.

வெளியே வந்ததும் தலைமையாசிரியை சொன்னார்: "திங்கக்கிழமை வந்து சேந்துக்குங்க. ஆறாங்கிளாஸ். அங்க இந்தப் பாடம் கிடையாது."

அழுகையும் சிரிப்புமாக வீடு வந்தேன். அந்தப் பெண்ணுக்கும் வல்லம்தான் என்பது எனக்குத் தெரியாது. சாயங்காலத்துக்குள் கதை வீட்டு வாசலுக்கு வந்துவிட்டது.

"கட்டு ஏது?" என்றார் அத்தை.

கடையில் வாங்கினேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் மாமா, "என்னுதுதான். புள்ளைய ஒண்ணும் சொல்லாத" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அத்தை அவரை மேலும் கீழும் பார்த்தார். "ஏய்யா, வேலைக்குப் போற புள்ளகிட்ட அரைக் கட்டக் குடுத்து அனுப்பிக்கீற. உனக்கு இன்னாதான் அறிவு இருக்குது?"

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் நடக்காத காரியத்துக்கெல்லாம் 'அஞ்சு' என்று பெயர். கரண்ட் வருமா? அஞ்சு. ஏழு மணி பஸ் ஏழு மணிக்கு வருமா? அஞ்சு. போன பொங்கலன்று குடும்பமே கூடியிருக்க, "இனிமே சீட்டத் தொட மாட்டேன்" என்றார் மாமா. சின்னது பெரிசு எல்லாரும் சேர்ந்து "அஞ்சு!" என்று கத்தினோம். அவரும் கூடச் சேர்ந்துதான் கத்தினார்.