தலையணைக்கு எடுத்த தொக்கம்

மலேசியாவில் கோத்தா திங்கிப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில், பொந்தியான் காளியப்பன் வந்து இறங்கினார். தொக்கம் எடுப்பவர். வயிற்றில் சிக்கிக் கிடக்கும் சோற்றையும் கறியையும் பித்தளைக் குழல் வைத்து உறிஞ்சி, இலையில் துப்பிக் காட்டுவார். ஜொகூர் ஆற்று முதலைக்கே எடுத்தாராம். முதலையிடம் விசாரிக்கப் போனவர்கள் திரும்பவில்லை. ஆகவே நம்ப வேண்டியதாயிற்று.

தட்சணை ஆளுக்கொரு கோழி. இரண்டே நாளில் தோட்டத்தில் கூவச் சேவல் இல்லை. சூரியனே நேரம் தெரியாமல் தாமதமாக வந்தது.

தனலெட்சுமியும் மகளைத் தூக்கி வந்தாள். ஒன்றரை வயது சந்திரமதிக்குப் பிறவியிலேயே அண்ணத்தில் பிளவு. குடித்த பால் மூக்கில் வரும். வலிப்பும் உண்டு. நிமிர்த்தி வைத்துச் சொட்டுச் சொட்டாகப் பால் மட்டும் கொடுக்கச் சொல்லியிருந்தார் டாக்டர். தாய் ரப்பர்ப் பால்மரம் சீவப் போனால், லயத்து வரிசை வீட்டுப் பெண்கள் முறை வைத்துக்கொண்டு ஊட்டினார்கள். அப்படித்தான் அந்த உயிர் வளர்ந்தது.

காளியப்பன் குழந்தையைத் தலையோடு துணியால் மூடச் சொன்னார். "மூஞ்சியப் பாத்தா தொக்கம் உள்ள ஓடிரும்." உறிஞ்சினார். துப்பினார். இலையில் கருவாட்டுத் துண்டு. "இன்னும் உள்ள இருக்கு" என்றார்.

கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. பிறகு வெள்ளையம்மாவைப் பார்த்தது. நேற்று ஊட்டியவள் அவள்.

"நீயா அக்கா குடுத்தே?" என்றாள் தனலெட்சுமி.

"பாலே எறங்காத தொண்டையில கருவாடு எப்படிடி எறங்கும்?"

நியாயமான கேள்வி. அதனால் கூட்டம் கருவாட்டையே மறுபடி கும்பிட்டது.

மறுநாள் ஊட்ட ஒருத்தியும் வரவில்லை. "வேணாம்லா, அப்புறம் என்னையும் சொல்வீங்க" என்று கருப்பாயி ஒதுங்கினாள். தனலெட்சுமியும் யாரையும் தொட விடவில்லை. தனியாகத் திண்டாடினாள். பொழுது சாய்வதற்குள் குழந்தைக்கு அழவும் தெம்பில்லை.

வெள்ளையம்மா நேராக அவள் வீட்டுக்குள் வந்தாள். "இன்னும் தொக்கம் இருக்குன்னானே, எடுக்கட்டும். ஆனா துணிக்குள்ள என்ன வைக்கிறதுன்னு நான்தான் முடிவு பண்ணுவேன். நான் சொன்னது பொய்னா லயத்த விட்டே தொரத்து."

தனலெட்சுமி தலையாட்டினாள்.

அன்று இரவே பாயில் ஒரு சிறு உருவம் துணி மூடிக் கிடந்தது. கூட்டம் மூச்சடக்கிப் பார்க்க, காளியப்பன் குழலை வைத்து உறிஞ்சினார். மறுபடியும் கருவாடு. "இதுவும் அதே கை குடுத்ததுதான்" என்றார்.

வெள்ளையம்மா துணியை விலக்கினாள். இலவம்பஞ்சுத் தலையணை. குழந்தையோ கூட்டத்துக்குப் பின்னால், வாசற்படியில் தாய் மடியில் இருந்தது.

"சாமி, இதுக்கு யாரு ஊட்டுனது?"

காளியப்பன் வாயே திறக்கவில்லை. கருப்பாயி இரு கன்னத்தையும் அழுத்தித் திறக்க வைத்தாள். கடைவாயில் இன்னொரு துண்டு, அடுத்த நோயாளிக்காகப் பக்குவமாக ஊறிக்கொண்டிருந்தது.

"அலமாக், ஐயோ," என்றாள் கருப்பாயி, "இவரு வாயி கருவாட்டுச் சம்பல் கடையா?"

காளியப்பன் பொந்தியானுக்கு நடந்தே போனார். கோழிகள் கூட வர மறுத்துவிட்டன.

தனலெட்சுமி குழந்தையை வெள்ளையம்மாவிடம் நீட்டினாள். "பால் ஆறுது அக்கா."

"குடு. நீ போய்ச் சாப்பிடு."

"நாளைக்கு எம் மொற, சொல்லிட்டேன்" என்றாள் கருப்பாயி.

பால் ஊட்டிய கையைச் சந்தேகிக்க ஊருக்கு ஒரு நொடி போதுமாயிருந்தது. உறிஞ்சிய வாயைச் சந்தேகிக்க ஒரு தலையணை தேவைப்பட்டது. அடுத்த சாமி வந்தாலும் கும்பிடுங்கள், நான் தடுக்கவில்லை. முதலில் வாயைக் கொப்பளிக்கச் சொல்லிவிட்டுக் கும்பிடுங்கள்.