கொழும்புப் பாடகருக்கு மறுகவி

பதியுதீன் தந்தியை மூன்றாம் தடவையும் வாசித்துப் பார்த்தார். முதல் இரண்டு தடவையும் இல்லாத நல்ல செய்தி மூன்றாம் தடவை மட்டும் எங்கிருந்து வரும்? கொழும்புப் பாடகர் இசைமணி நூர்ஷாவுக்குக் காய்ச்சல். வரமாட்டாராம்.

கச்சேரி அன்றைக்கே. இரவு இஷாத் தொழுகை முடிந்ததும் மேடை. கல்முனைச் சந்தியிலிருந்து காரைதீவு எல்லை வரைக்கும் நோட்டீஸ் ஒட்டியாகிவிட்டது.

பதியுதீன், பிறைநிலா நாட்டார் கலை மன்றத்தின் செயலாளர். தலைவர், நெல்லு மில் அப்துல் ஸமட் ஹாஜியார். அந்த நாட்டார் கலை மன்றத்துக்கு அவர் போட்ட முதற் சட்டம், நாட்டார் பாட்டு எதுவும் மேடையேறக் கூடாது என்பதுதான்.

"வயலுக்குள்ள காவல் இரிக்கிறவன் பாடுற கவியெல்லாம் இஞ்ச வேணாம். பெரிய மனிசர் வந்து போற இடம் இது," என்று சொல்லிவிட்டார். அதனால் மாதம் ஒரு தடவை வெளியூர் வித்துவான்கள் வந்தார்கள். யாருக்கும் விளங்காத பாஷையில் பாடினார்கள். பெரிய மனிதர்கள் முன்வரிசையில் மிகுந்த மரியாதையோடு தூங்கினார்கள்.

போன கூட்டத்தில் பதியுதீனின் வாய்தான் சும்மா இருக்கவில்லை. "நூர்ஷா என்ட கூட்டாளி ஹாஜியார். கொழும்பில ஒரே சஹன்ல சோறு திண்ட ஆக்கள் நாங்க," என்று அளந்துவிட்டார். நூர்ஷாவை அவர் சந்தித்ததெல்லாம் சந்தித் தேநீர்க்கடை றேடியோவில்தான்.

"வந்தாச் சரி. வராட்டி மன்றத்துப் புத்தகத்தையும் முத்திரையையும் என்ட மருமகன்ட கையில குடுத்துப்போட்டு நீ தறியப் பார்," என்றார் ஹாஜியார்.

அவர் பயந்தது அதற்குத்தான். மூன்று வருடமாகத்தான் ஊர் அவரை 'செக்ரட்டரியார்' என்று கூப்பிடுகிறது. அதற்கு முன் வெறும் 'தறிக்காரப் பதியுதீன்'. திரும்பவும் அந்தப் பெயருக்கு இறங்குவதை நினைத்தாலே அவருக்கு அழுகை வந்தது.

"இஞ்சாருங்க, கூட்டாளியெண்டு சொல்லக்குள்ள என்னட்டக் கேட்டுப்போட்டா சொன்னீங்க?" என்றாள் மனைவி ஸகியா. "இப்ப மட்டும் எனக்கு முன்னால வந்து ஏன் மூக்கச் சிந்துறீங்க?"

"படச்சவனே! ஒரு வழி சொல்லுகா."

ஸகியா அடுப்படிப் பக்கம் கண்ணைக் காட்டினாள். இறக்காமத்திலிருந்து அக்காவுக்கு நெல்லு மூட்டை கொண்டுவந்த அவள் தம்பி றவூப், இரண்டாம் கோப்பைச் சோற்றில் மும்முரமாக இருந்தான். வயலில் பரண் கட்டி யானைக்குக் காவல் இருப்பவன். "நூர்ஷாட குரல்தான் றேடியோவுல வரும். மூஞ்சி வருமா? இவன இந்த ஊர்ல ஆருக்குத் தெரியும்?" என்றாள்.

"எனக்கு ஏலா மச்சான்," என்றான் றவூப். "நான் யானைக்கு முன்னால பாடித்தான் பழக்கம்."

"எங்கட ஹாஜியார விடவா யானை பெரிசு? எழும்புடா!" என்றார் பதியுதீன்.

கலியாணக் கோட்டும் துருக்கித் தொப்பியும் வந்தன. பதியுதீன் கைகொடுக்குமுன் றவூப் தொப்பியை ஒரு பக்கம் சாய்த்து, குஞ்சத்தைத் தோளில் விழவைத்தான். பயலுக்கு என்ன இயல்பான கை என்று பதியுதீன் மெச்சிக்கொண்டார்.

பேச்சுத்தான் தொல்லை. வாயைத் திறந்தால் இறக்காமம் முழுசும் வெளியே வந்து நிற்கும். அதனால் ஹாஜியாரிடம், "கச்சேரிக்கு முன்னால அவர் ஆரோடயும் கதைக்கமாட்டார் ஹாஜியார், குரலுக்குக் கூடாதாம்," என்று ஒரு பொய்யைச் சேர்த்தார்.

ஹாஜியார் உருகிப் போனார். "பாத்தியா, இதுதான் கொழும்பு! நம்மட ஆக்களுக்கு வாய் மூடுமா?" என்று சொல்லி, மாட்டிறைச்சியும் நெய்ச்சோறும் வைத்த, ஆறு பேர் சேர்ந்துண்ணும் சஹன் தட்டில் விருந்தாளியைத் தன் பக்கத்தில் இருத்திக்கொண்டார். விருந்தாளி கதைக்கவில்லை. சாப்பிட்டார். அந்தச் சஹனில் மற்ற நாலு பேருக்கும் மிச்சம் கிடைத்தது பீங்கான்தான்.

மேடையில் இரண்டு பெற்றோமக்ஸ் எரிந்தன. ஆண்கள் பக்கம் நிறைந்து வழிந்தது. மருதமுனைத் துணியில் கட்டிய திரைக்கு அந்தப் பக்கம் பெண்கள். றவூப் செவியில் கையை வைத்தான், பாடினான்:

"குளக்கட்டில் யானை வந்து
குருத்தெல்லாம் தின்னுதுகா
கூப்பிட்டாக் கேட்டிடுவாய் – உன்
குரலெங்க போயிற்றுகா?"

சபை நிமிர்ந்தது. முன்வரிசையில் ஒருவர்கூடத் தூங்கவில்லை. மன்றத்தின் சரித்திரத்தில் இது முதல் தடவை.

றவூப் அதோடு நிறுத்தினான். ஒரு நிமிடம் ஆயிற்று. இரண்டு நிமிடம் ஆயிற்று. அவன் இருட்டைப் பார்த்தபடி அசையாமல் குந்தியிருந்தான்.

பதியுதீன் மேடைப் பின்புறமாகத் தவழ்ந்து போய், "பாடுடா! என்னத்துக்கு செத்தவன் மாதிரி மௌத்தா இரிக்காய்?" என்று அவன் இடுப்பில் குத்தினார்.

"மறுகவி வரல்லயே மச்சான். நாங்க ஒரு பரண்ல பாடினா மத்தப் பரண்ல மறுமொழி பாடோணும். அது வராம அடுத்தது எனக்கு வராது."

"இஞ்ச எங்கடா மத்தப் பரணுக்குப் போற?"

"அது செக்ரட்டரிட வேலை."

சனம் முணுமுணுக்கத் தொடங்கியது. ஹாஜியாரின் மருமகன் செயலாளர் கதிரையை இப்போதே அளவெடுப்பதுபோல் பார்த்தான். பதியுதீன் பாய்ந்து முன்னால் வந்தார். "கனம் பெரியோர்களே! இது கொழும்பில புதிசா வந்திரிக்கிற முறை. வித்துவான் ஒரு கவி பாடினா சபையிலிருந்து ஒராள் மறுகவி பாடோணும்!"

சபையில் ஒரு ஆண்பிள்ளையும் வாய் திறக்கவில்லை. திரைக்கு அந்தப் பக்கத்திலிருந்துதான் வந்தது, கணீரென்று:

"பரண்மேல இருந்துகொண்டு
பாட்டாலே கூப்பிடுறாய்
வாசலுக்கு வந்து நின்டு – எங்க
வாப்பாட்டக் கேளன்கா!"

பெண்கள் பக்கம் சிரிப்பு அலைமோதியது. பதியுதீன் திடுக்கிட்டுத் திரைப் பக்கம் திரும்பினார். அது ஸகியாவின் குரல்.

ஹாஜியார் பொல்லை ஊன்றி எழும்பினார். "பதியுதீன்! பொம்புளயள் சபையில பாடுறதா? இது என்ன கூத்து?"

போன பொய்கள் போதாதென்று பதியுதீன் பெரியதாக ஒன்றை எடுத்தார். "கொழும்பில பெரிய குடும்பத்துப் பொம்புளயள் திரைக்குப் பின்னால இருந்து இப்பிடித்தான் ஹாஜியார். நாம வேணாமெண்டு சொன்னா... வித்துவான் போய் அங்க சொல்லுவார். கல்முனை ஆக்கள் பட்டிக்காடு எண்டு."

ஹாஜியார் நின்றார். யோசித்தார். கோபம் மெல்ல மெல்ல நாகரிகமாக மாறுவதை ஊரே பார்த்தது. "அப்ப சரி," என்று தொண்டையைச் செருமினார். "இதுக்கு மறுமொழி நான் பாடுறன்."

"வாறதுக்கு ஆசைதான்கா – உங்க
வாப்பாட கைப்பொல்லு
வாசலிலே காத்திரிக்கு – எனக்கு
மண்டையும் ஒண்டுதான்கா!"

பந்தல் அதிர்ந்தது. வயற்காட்டுக் கவிக்குத் தடை போட்ட மனிதருக்கு வயற்காட்டுக் கவி அப்படி அத்துப்படி! பிறகு யாரைப் பிடித்தாலும் நிற்கவில்லை. இறைச்சிக் கடைக்காரன் பாடினான், பள்ளிக்கூட வாத்தியார் பாடினார், திரைக்குள்ளிருந்து பத்துக் குரல் பதில் சொன்னது. கடைசியில் ஹாஜியார் பதியுதீனைக் கட்டிப் பிடித்து, "நீ இரிக்குமட்டும் நீதான்டா செக்ரட்டரி!" என்று கண் கலங்கினார். பதியுதீனும் அழுதார். அவருடையது உண்மையான அழுகை.

காலையில் விருந்தாளியை வழியனுப்ப ஊரே பஸ் நிற்கும் இடத்துக்கு வந்துவிட்டது. தனியாக அனுப்பிவிடலாம் என்று பதியுதீன் என்ன தலைகீழாக நின்றும் ஹாஜியார் விடவில்லை. தானே மாலை வாங்கிவந்தார். வேறு வழியில்லாமல் தெற்கே போகவேண்டிய றவூப் வடக்கே போகும் மட்டக்களப்பு பஸ்ஸுக்கு நின்றான், கொழும்பு றெயில் அங்கேதானே.

"நூர்ஷாட சங்கீதத்துக்கு முன்னால நம்மட காட்டுக் கவியெல்லாம் என்னத்துக்கு ஆகும்?" என்று கூட்டத்துக்குச் சொல்லியபடி ஹாஜியார் மாலையைப் போட்டார். பஸ் வந்து நின்றது. இன்னும் ஒரு நிமிடம். ஏறிவிட்டால் எல்லாம் முடிந்தது. பதியுதீன் மனதுக்குள் ஸலவாத்துச் சொல்லிக்கொண்டிருந்தார்.

கண்டக்டர் படியில் தொங்கியபடி தொப்பியையும் மாலையையும் பார்த்தான். முகமெல்லாம் பல்லாகச் சத்தம் வைத்தான்:

"ஏறுங்க றவூப் காக்கா! எப்பவும்போல அடுத்த ஊர்ல இறங்கி இறக்காமத்துக்குத் திரும்புறதுதானே? போன மாசம் அக்கரைப்பற்றுக்கு மதறாஸ் பாடகர், அதுக்கு முதல் மாசம் நிந்தவூருக்கு மலாயாப் பாடகர்... இவங்கட மன்றத்துக்கு எந்த ஊர்ப் பாடகராம்?"