குனிந்தே வந்த மாப்பிள்ளை

ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்று தன்னையே மெச்சிக்கொள்கிற ஆண்பிள்ளையை யாரும் நம்பக்கூடாது. பெண் பார்க்கப் போன அன்று காலை நான் அப்படித்தான் நின்றேன்.

இரண்டாயிரங்களின் நடுவில், மதுரைப் பக்கத்திலிருந்து வந்து ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தேன். ஆசைப்பட்டு ரேஸ் பைக் வாங்கியிருந்தேன். கைப்பிடி கீழே இருக்கும், கால் வைக்கிற இடம் பின்னால் இருக்கும், டேங்கின் மேல் கவிழ்ந்துதான் ஓட்ட வேண்டும். அதற்கு உடம்பில் தெம்பு வேண்டும் என்று கூட வேலை செய்த, யாரையும் 'குரு' என்றே கூப்பிடும் தளி ஊர்க்காரன் மஞ்சு தலைபாடாய் அடித்துக்கொண்டான்.

"குரு, கையில வெயிட்டு போடாத. தொடையால டேங்க்க கவ்விப் புடி. வயிறும் முதுகும்தான் தாங்கணும், கை சும்மா பேருக்கு. தெனம் எக்சர்சைஸ் பண்ணு."

நான் எங்கே பண்ணினேன்? (கேன்டீனில் மறுபடி பொங்கல் வாங்க எழுந்து போவேன். அதைச் சேர்த்தால் உண்டு.)

பெண் வீடு கிருஷ்ணகிரி தாண்டி, பர்கூர் போகும் வழியில். மாந்தோப்புக்காரக் குடும்பம். பெண் பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சர். வந்த வரனெல்லாம் தட்டிப்போய், அம்மா இந்த இடத்தைத்தான் மலைபோல நம்பியிருந்தாள். போட்டோவைப் பார்த்ததிலிருந்து நானும்தான். "பேசாம பஸ்ல வாடா" என்றாள். கேட்டால்தானே! அவளையும் அக்காவையும் பஸ் ஏற்றிவிட்டுப் பைக்கில் கிளம்பினேன்.

சூளகிரி வருவதற்குள் மணிக்கட்டு விண்விண்ணென்றது. மேலுமலை இறக்கத்தில் மொத்த உடம்பும் கையில் வந்து நின்றது. தொடையால் கவ்வினால் தொடை நடுங்குகிறது, வயிற்றை இறுக்கலாம் என்றால் தொப்பை டேங்கில் முட்டுகிறது. கொஞ்சம் நிறுத்தியிருக்கலாம். ஆனால் அம்மா வந்த பஸ் என்னை முந்திவிடுமே! அந்த வீம்பில் கடைசிவரை நிமிரவே இல்லை.

பெண் வீட்டு வாசலில் நான் இறங்கினேன். இடுப்பு இறங்கவில்லை. குனிந்தபடியே உள்ளே போனேன். "மரியாத தெரிஞ்ச புள்ள" என்று பெண்ணின் அப்பா பூரித்துப்போனார். பின்னாலேயே வந்து சேர்ந்த அம்மாவுக்கு விஷயம் புரிந்துவிட்டது. சமாளிக்கிறாளாம், "மாமா கால்ல விழுடா" என்று கிசுகிசுத்தாள்.

விழுவது சுலபமாகத்தான் இருந்தது.

"நல்லா இரு கண்ணு" என்றார் அவர். கொஞ்சம் பொறுத்து, "போதும், எந்திரி" என்றார். இன்னும் கொஞ்சம் பொறுத்து அம்மாவிடம் குரலைத் தாழ்த்தி, "ஏம்மா, தம்பிக்குப் பொறப்புலயே இப்டிங்களா?" என்றார்.

"ஐயோ, இல்லண்ணே! எம்புள்ள நேராத்தான் நடப்பான்!" அம்மாவுக்கு அழுகையே வந்துவிட்டது.

காபித் தட்டோடு வந்த பெண் அதைக் கீழே வைத்துவிட்டு, மைதானத்தில் கத்துகிற குரலில் சொன்னாள்: "யாரும் புடிச்சித் தூக்காதீங்க. பாயப் போடுங்க. நீங்க மல்லாந்து படுங்க. கால நாற்காலி மேல வைங்க."

நாங்கள் கொண்டுபோன பூ, பழத் தட்டுக்குப் பக்கத்தில் படுத்தேன். அவளை முதன்முதலில் நான் பார்த்தது அப்படித்தான், தலைகீழாக. அப்படியும் அழகாகத்தான் இருந்தாள். அதுதான் இன்னும் வயிற்றெரிச்சல்.

"பாரத்தக் கையில போட்டுத்தான ஓட்னீங்க?"

"ஆமாங்க."

"வயித்துல தெம்பே இல்லப்பா" என்று அப்பாவிடம் அறிவித்தாள்.

வண்டியை அங்கேயே போட்டுவிட்டு, அம்மாவோடு பஸ்ஸில் திரும்பினேன். ஓசூர் வரை அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. சம்பந்தம் போச்சு என்றே நினைத்தேன்.

அடுத்த ஞாயிறு என் வாடகை வீட்டு வாசலில் அதே வண்டி வந்து நின்றது. ஓட்டி வந்தவள் அவள். இறங்கி, துப்பட்டாவை உதறிக்கொண்டு விறைப்பாக நின்றாள். "தெனம் காலைல தண்டால் எடுப்பீங்கன்னா எனக்குச் சம்மதம்" என்றாள். மாப்பிள்ளை இருக்கும் இடத்தைப் பார்க்கப் பின்சீட்டில் வந்திருந்த அவள் அப்பா இறங்கினார். இறங்கியவர் குனிந்தபடியே நின்றார்.

"அம்மா... ஒரு பாய் கெடைக்குங்களா?"

என் அம்மா நிதானமாகப் பாயை விரித்தாள். பிறகு கேட்டாள்: "ஏண்ணே, பொறப்புலயே இப்படியா?"

கல்யாணம் ஆனது. இன்றும் விடியற்காலையில் என்னைத் தரையில் போட்டு வதைக்கிறாள். கடைசித் தண்டாலில் நான் எழ முடியாமல் கிடக்கும்போது, பல் துலக்கிக்கொண்டே என்னைத் தாண்டிப் போகிற மகள் தினமும் கேட்கிறாள்:

"ஏம்மா, அப்பாவுக்குப் பொறப்புலயே இப்டியா?"