அதே குரலில் சொல்லவும்

ஒரு காட்டில், சிங்கம் முதல் போட, மற்ற மிருகங்கள் முதுகைப் போட, ஒரு தேன் கிடங்கு நடந்துவந்தது. அதற்கு மேனேஜர் ஒரு கரடி. தேனுக்குக் கரடியைக் காவல் வைத்த நிர்வாகம் வேறு எதில் யோக்கியமாக இருக்கும்?

அங்கே ஜாடி கழுவியவள் பேச்சி என்கிற முள்ளம்பன்றி. உடம்பெல்லாம் முள் இருந்தும், வேலைக்கு வரும்போது படிய வாரிக்கொண்டு வருவாள். கரடி தினமும் அவளைத் திட்டித்தான் பொழுதைத் தொடங்கும். "மனுஷ ஜென்மமே. கூண்டுல பொறந்தவளே. உங்கப்பன் எந்த வேலியில மாட்டிச் செத்தான்?"

அவள் அப்பன் வேலியில் மாட்டித்தான் செத்தான்.

முகம் சுண்டினால் கரடி சொல்லும்: "என் பொண்ணு மாதிரி நெனச்சு உரிமையில திட்டுறேன் புள்ள."

பேச்சி அதை நம்பினாள். வீட்டிலும் வாய் திறப்பது நின்றுபோன பிறகும் நம்பினாள். பக்கத்துத் தொட்டியில் கழுவிய அணில்தான் ஒருநாள் கேட்டாள்: "உரிமைன்னா ரெண்டு பக்கமும் இருக்கணுமேக்கா. அவரை அப்பனா நெனச்சு நீ ஒரு தடவை திட்டிப் பாரேன்."

அதற்கு வழியில்லாததால் பேச்சி புகார் கொடுத்தாள். புகார் நிரூபணம் ஆகாவிட்டால் வேலை போய்விடும்.

விசாரணை அதிகாரி ஒரு கொக்கு. ஒற்றைக் காலில் நின்றபடி விதியை வாசித்தது: "மேனேஜர் சொன்னதை, அவர் முகத்தைப் பார்த்து, அதே குரலில், ஒன்று விடாமல் சொல்லவும்." கூசிப்போய் ஓடட்டும் என்றே எழுதிய விதி. இதற்கு முன் வந்தவர்கள் எல்லாரும் இந்த இடத்தில்தான் அழுதுகொண்டே வெளியேறினார்கள்.

பேச்சி முனகினாள். "மனுஷ ஜென்மமே..."

"கேக்கலை. அவர் இப்படித்தான் மெல்லச் சொன்னாரா?"

"இல்லீங்க. கத்துவாருங்க."

"அப்ப கத்தும்மா. விதின்னா விதி."

பேச்சி கத்தினாள். கத்தக் கத்த முள் ஒவ்வொன்றாக எழுந்து நின்றது. கூண்டு வந்தது, வேலி வந்தது, கரடியின் அப்பன் வந்தான். கரடி நாற்காலியோடு பின்னால் நகர்ந்தது.

"அவ்வளவுதானா?" என்றது கொக்கு.

"இது திங்கக்கிழமை திட்டினதுங்க ஐயா. மிச்சம் இருக்கு."

சாட்சிக்கும் அதே விதிதான் என்று தெரிந்ததும், மிச்சம் முடிவதற்குள் சாட்சிகளின் வரிசை ஓடைவரை நீண்டுவிட்டது. அணில் தன் முறை வந்ததும் புதிதாக ஒரு வசவை எடுத்துவிட்டாள்.

"இதை நான் சொல்லவே இல்லை" என்றது கரடி.

"சொல்ல வாயெடுத்தீங்க சார். அதுக்குள்ள மணி அடிச்சிருச்சு."

கடைசியில் கொக்கு தீர்ப்புச் சொன்னது: "இந்த அறையில் கெட்ட வார்த்தை பேசியது தொழிலாளிகள் மட்டுமே. மேனேஜர் வாயிலிருந்து ஒன்றுகூட வரவில்லை. புகார் தள்ளுபடி."

பேச்சி தொண்டையைச் செருமிக்கொண்டாள். "மேல்முறையீடு உண்டுங்களா?"

"உண்டு. ஆனா எல்லாத்தையும் முதல்லேருந்து மறுபடி சொல்லணும்."

வெளியே கலைந்த வரிசை மறுபடி கூடியது. கிடங்கில் ஒருநாளும் வேலை பார்க்காத மான்கள்கூட வந்து நின்றன.

கரடி கொக்கின் காலைப் பிடித்துக்கொண்டது. தரையில் இருந்தது ஒரு கால்தான். அதையே பிடித்துக்கொண்டு அழுதது. "நான்தான் திட்டினேன் ஐயா. வேணும்னா அணில் சொன்னதையும் என் கணக்குல சேத்துக்குங்க."

பேச்சி வேலையில் நீடித்தாள். கரடியை வேறு கிடங்குக்கு மாற்றினார்கள், பதவி உயர்வோடுதான். சிங்கத்துக்குத் தன் ஆளைத் தண்டிக்க வேறு முறை தெரியாது.

நீதி: மேலதிகாரி திட்டினால் அழாதே, மனப்பாடம் செய். திருப்பிக் கொடுக்க நிர்வாகமே நாற்காலி போட்டு அவரை எதிரில் உட்காரவைக்கும்.