ஏரோப்ளேனும் கழல மறுத்த பல்சக்கரமும்

பெரம்பலூரில் பிறந்தவர்களிலேயே, தரையை விட்டு ஓரடிகூட எழும்பாமல் ஆகாயம் முழுவதற்கும் சொந்தம் கொண்டாடிய ஒரே ஆள் எங்கள் ஏரோப்ளேன்தான். இதை எங்கே வேண்டுமானாலும் சத்தியம் செய்து சொல்வேன். ஆயில் இன்ஜின் ரிப்பேர் செய்கிறவர். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கத்தான் வேண்டும். எங்கள் தெருவில் யாரும் அதைக் கேட்டதில்லை. "ஏரோப்ளேன் எங்கப்பா?" என்றால், "இப்பதான் டீ குடிச்சிட்டு சைக்கிள்ல போவுது" என்று பதில் வரும்.

எழுபதுகளின் கடைசியில் நான் ஓர் அச்சகத்தில் ப்ரூஃப் பார்த்துக்கொண்டு, அவர் வீட்டு மாடி அறையில் குடியிருந்தேன். கீழே ஒரு கீற்றுக் கொட்டகை. அதற்குள் மூங்கிலும் இரும்புக் குழாயுமாக, இன்னும் இறக்கை முளைக்காத ஒரு விமானம். அதற்கு இன்ஜின், அரியலூர் பழைய இரும்புக் கடையில் கிடந்த ஏதோ ஒரு காருடையது. "கார் இன்ஜினு தலைதெறிக்கச் சுத்தும் தம்பி. அந்த வேகத்துல முன்னாடி இருக்கிற காத்தாடி சுத்துனா பிச்சுக்கிட்டுப் போயிடும்" என்று, வேகத்தைக் குறைக்க ஒரு கியர்பாக்ஸை அவரே செய்து மாட்டியிருந்தார்.

மாட்டிய விதத்தில்தான் வினை. கியர்பாக்ஸுக்குள் இருக்கும் சின்னப் பல்சக்கரம் இன்ஜின் தண்டில் அசையாமல் உட்கார வேண்டும். வேறு யாராவது என்றால் ஒரு நட்டைப் போட்டு முடுக்கியிருப்பார்கள். இவரோ மாட்டு வண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டா காய்ச்சிக் கட்டுவதைப் பார்த்து வளர்ந்தவர். வரட்டியை அடுக்கித் தீ மூட்டி, பல்சக்கரத்தைச் செக்கச்செவேலென்று காய்ச்சி, தண்டில் இறக்கி, மேலே ஒரு குடம் தண்ணீரை ஊற்றிவிட்டார். இரும்பு சுருங்கி உடும்பாகப் பிடித்துக்கொண்டது. "இனிமே எமனே வந்தாலும் கழட்ட முடியாது!" என்று தெருவெல்லாம் பெருமையடித்தார்.

மறுநாள் இன்ஜினை ஓட்டினால், கியர்பாக்ஸுக்குள் பூனைச் சண்டை மாதிரி சத்தம். பேரிங்குக்கு எண்ணெய் போகத் துளை போட மறந்துவிட்டாராம் மகானுபாவர்! பேரிங் போச்சு. அதை மாற்றக் கியர்பாக்ஸைக் கழற்ற வேண்டும். கியர்பாக்ஸைக் கழற்ற, எமனாலும் ஆகாத அந்தப் பல்சக்கரத்தை முதலில் கழற்ற வேண்டும்.

பல்சக்கரத்தை இழுத்துக் கழற்றும் கருவிக்குப் புல்லர் என்று பெயர். கடையில் விற்ற எதுவும் அந்த இடுக்கில் நுழையவில்லை. "நானே செய்யறேன்" என்று கிளம்பினார். அதற்கு நல்ல திருகு ஒன்று வேண்டும். வீடு முழுக்கத் தேடி, கடைசியில் அடுப்படியில் கண்டெடுத்தார்: அக்காவின் திருகு வைத்த பித்தளை முறுக்கு அச்சு. அவர் மனைவியை நாங்கள் எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிடுவோம். அதை மாட்டி முறுக்கியதில் அச்சு இரண்டாகப் பிளந்தது. பல்சக்கரம் அசையவில்லை.

அக்கா கொட்டகை வாசலில் வந்து நின்றார்.

"எங்கம்மா வூட்டுச் சீரு! அதையும் முடிச்சாச்சா? நல்லாக் கேட்டுக்கங்க. தை பொறந்தா இந்தக் கொட்டகையில பருத்தி அடுக்கணும். அதுக்குள்ள இது ஓடலைன்னா, வாங்குன கடைக்கே வண்டியேத்திடுவேன். எங்கப்பன் மேல சத்தியம்!"

அப்பன் மேல் சத்தியம் என்றால் அக்கா மாற மாட்டார். ஏரோப்ளேனின் முகம் செத்துவிட்டது. கல்யாணமான வருஷத்திலிருந்து கட்டிக்கொண்டிருக்கிற விமானம் அது.

அடுத்த கருவி லாரியின் ஸ்பிரிங் பட்டையில் செய்தது. வில்லாக வளைத்து, இரண்டு போல்ட்டில் பூட்டி, முறுக்கு முறுக்கென்று முறுக்கினார். ஒரு போல்ட் தெறித்து, எதிரே டீக்கடை பாய் வைத்திருந்த பாய்லரின் வயிற்றில் போய் மோதியது.

"யா அல்லா! ஏரோப்ளேனு, நீ பறக்கிறதுக்கு முன்னாடி என்னைய மேல அனுப்பிடுவ போலிருக்கே!" என்றார் பாய், வழிகிற வெந்நீரைத் துண்டால் பொத்திக்கொண்டு.

"அளவு சரிதான் பாய். மரைதான் கொஞ்சம் லூசு" என்றார் இவர். மன்னிப்புக் கேட்கிறாராம்!

அதற்கடுத்து மாடு. பல்சக்கரத்தில் சங்கிலியைக் கட்டி, மறுமுனையை ஒரு ஜோடிக் காளைகளின் நுகத்தடியில் மாட்டினார். இன்ஜின் ஒரு கனத்த மேசையில் முடுக்கப்பட்டிருந்தது. மேசையை எதனோடும் கட்டவில்லை. இதை நான் சொல்வதற்குள் "ஹை!" என்றுவிட்டார். காளைகள் போயின. பல்சக்கரம் போயிற்று, இன்ஜின் போயிற்று, மேசை போயிற்று, மேசைக்காலைப் பிடித்துக்கொண்டு ஏரோப்ளேனும் போனார். மெயின் ரோட்டில் வேப்பந்தட்டை பஸ் பிரேக் அடித்து நின்றது. கண்டக்டர் தலையை நீட்டி, "யோவ், லக்கேஜ் எறங்க வேண்டிய எடம் எது?" என்று கேட்டார். பஸ்ஸே சிரித்தது. இவர் எழுந்து முழங்கையைத் தட்டிவிட்டு, "பாத்தீங்களா தம்பி, என்ன பிடி பிடிச்சிருக்கு!" என்றார். தான் மாட்டியதன் அழகில் அப்போதும் ஒரு சந்தோஷம். இவரை என்ன செய்வது, சொல்லுங்கள்?

மார்கழி பாதி போய்விட்டது. பருத்தி வெடிக்க ஆரம்பித்தது. அக்கா கொட்டகை ஓரத்தில் காலிச் சாக்குகளைக் கொண்டுவந்து மடித்து வைத்தார். அதைப் பார்த்த அன்று ஏரோப்ளேன் சாப்பிடவில்லை.

ஒரு காலையில் மாடிப்படியில் தடதடவென்று ஏறி வந்தார். "தம்பி! சூடு பண்ணித்தானே மாட்டுனேன்? சூடு பண்ணித்தான் கழட்டணும். ஆனா சக்கரம் மட்டும் சூடாவணும், தண்டு சூடாவக் கூடாது. சக்கரம் விரியும், தண்டு அப்படியே இருக்கும். கெளம்புங்க, அரியலூருக்கு. ஐஸ் வாங்கணும்."

ஐஸ் கம்பெனியில் ஒரு பெரிய பாளம் வாங்கி, உமி போட்டுச் சாக்கில் சுற்றி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தோம். வழியெல்லாம் சொட்டியது. பக்கத்து சீட்டு அம்மாள் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு எழுந்து தள்ளிப் போனார். என் வேட்டி இருந்த நிலையில் அவரைக் குறை சொல்ல முடியாது. பெரம்பலூர் வந்தபோது பாளம் தேங்காய் அளவுக்கு வந்துவிட்டது.

அது போதும் என்றார். புதுப் புல்லர் தயாராக இருந்தது. லாரி ஜாக்கியின் திருகு, லாரிப் பட்டையில் வெட்டிய மூன்று கால்கள், நடுவில் ஒரு தடித்த தகடு. பார்க்க நண்டு மாதிரி இருந்தது. தண்டின் முனையில் ஐஸை வைத்துக் கட்டி, பல்சக்கரத்தின் மேல் நெருப்புச் சீறும் ஊதுவிளக்கைப் பிடிக்கச் சொன்னார். நான் பிடித்தேன். அவர் திருகினார். பாய் கடையைப் போட்டுவிட்டு வந்து நின்றார், தலைக்கு மேல் ஒரு தாம்பாளத்தைப் பிடித்துக்கொண்டு.

டங்!

பல்சக்கரம் கழன்று மண்ணில் உருண்டது. ஏரோப்ளேன் அப்படியே உட்கார்ந்து, குழந்தை மாதிரி அழுதுவிட்டார். பாய் தாம்பாளத்தில் தாளம் போட்டார்.

துளை போட்டு, புதுப் பேரிங் வைத்து, திரும்ப மாட்டும்போது பழக்க தோஷத்தில் அவர் கை வரட்டியைத் தேடியது. "மரியாதையா நட்டு போட்டு முடுக்குங்க!" என்று அடுப்படியிலிருந்து ஒரு குரல் வந்தது. போட்டார்.

போகிக்கு முதல் நாள் இன்ஜினை விமானத்தில் ஏற்றி, காத்தாடியைக் கையால் சுற்றிவிட்டார். பிடித்துக்கொண்டது பாருங்கள், அப்படி ஒரு ஓட்டம்! பூனைச் சண்டை இல்லை, ஒன்றுமில்லை. விமானம் நகரவில்லை. கொட்டகையின் கூரை பறந்தது. கீற்றெல்லாம் பிய்ந்து பாய் கடை வரை போயிற்று. அந்தக் காற்றுக்கு நடுவில், முந்தானை படபடக்க, கையில் கரண்டியோடு அக்கா நின்றார். தொலைந்தோம் என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன். ஏரோப்ளேன் பயந்துபோய் இன்ஜினை நிறுத்தினார்.

அக்கா விமானத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

"ஒரு சீட்டுதான இருக்கு. நான் எங்க உக்கார்றது?"

ஏரோப்ளேன் அளவு நாடாவைத் தேடி ஓடினார்.

அப்புறம்தான் அக்காவுக்கு நினைவு வந்தது. நிமிர்ந்து வானத்தைப் பார்த்தார். "அட கடவுளே, கூரையே இல்லாத எடத்துல பருத்திய எப்படிப் போடுறது?" என்று முனகிவிட்டு, அந்த இன்ஜினை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வையில் பழைய இரும்புக் கடைக்குப் போகிற வண்டி தெரிந்தது.

"என் ரூம்ல போடுங்கக்கா" என்றேன்.

இறக்கை முடிவதற்கு முன்பே எனக்கு வேலை வேறு ஊருக்கு மாறிவிட்டது. ஆனால் அந்தத் தை மாசம் முழுக்க, மூக்கில் பஞ்சும் கண்ணில் எரிச்சலுமாக மூட்டைகளின் மேல் படுத்துக் கிடந்தேன். கீழே அந்த மனுஷர் இரண்டாவது சீட்டுக்குக் குழாய் அறுக்கிற சத்தம் கேட்கும். அதைக் கேட்டுக்கொண்டே நன்றாகத் தூங்கினேன்.