பாப்பாயி கழுத்துக் காசை விசாரித்த வகையில்

திருச்செங்கோடு தாலுகா,
1936, ஆவணி மாதம்.

மகா கனம் பொருந்திய சங்ககிரி மச்சான் வெள்ளியங்கிரி அவர்களுக்கு, கந்தப்பன் வணங்கி எழுதிக்கொண்டது. இவ்விடம் நானும் எருமைகளும் க்ஷேமம். அவ்விடம் தாங்களும், தங்கள் மனைவியும் எனக்குத் தங்கச்சி முறையுமான செல்லாயியும், கோபித்துக்கொண்டு வந்திருக்கும் தங்கள் உடன்பிறப்பும் என் மனைவியுமான பாப்பாயியும் க்ஷேமம்தானே.

எனக்கு இரண்டாம் கலியாண ஆசை வந்துவிட்டதாகவும், அதற்காக என் காலை ஒடிக்கப்போவதாகவும் தாங்கள் அன்போடு எழுதிய கடிதம் கிடைத்தது. ஐம்பதைத் தாண்டி முன்பல்லும் போனவனை நம்பி இன்னொருத்தி வருவாள் என்று நினைத்த தங்கள் நல்ல மனசுக்கு நன்றி. ஆனால் இந்த வினை தங்கள் வீட்டில்தான் ஆரம்பித்தது. சித்திரையில் விருந்துக்கு வந்தவனிடம், பாப்பாயி தாலிச் சரட்டில் கோத்திருக்கும் ராசாக் காசு ரோமாபுரிக் காசு என்றும், எந்த ராசா என்று கண்டுபிடித்தால் ஜில்லாவே மெச்சும் என்றும் சொல்லி, ஒரு பூதக்கண்ணாடியையும் படம் போட்ட இங்கிலீஷ் புத்தகத்தையும் என் தலையில் கட்டிய புண்ணியவான் தாங்கள்தான்.

காசு இருப்பதோ அவள் கழுத்தில். ஆகவே அவள் மாவாட்டும்போதும் பால் கறக்கும்போதும் நான் கண்ணாடியோடு பக்கத்தில் குனிந்து நின்றேன். "மாமனுக்கு இந்த வயசுலதான் அத்தை கழுத்து கண்ணுல படுது" என்று பக்கத்து வீட்டுக் குப்பாயி ஊர் பூராவும் சொல்லி வந்தாள். படிப்பாளிக்கு இங்கே கிடைக்கும் மரியாதை இதுதான். காசில் ராசாவின் கன்னத்தில் குறுக்காக ஒரு வெட்டு. புத்தகத்து ராசாக்கள் ஒருவர் முகத்திலும் வெட்டில்லை. எந்தப் போரில் யார் வெட்டியது என்று வைகாசி முழுக்கத் தேடினேன். கடைசியில் பெரியப்பாவிடம் கேட்டால், பாகம் பிரித்தபோது பொன்னா பித்தளையா என்று பார்க்க உளி வைத்தது எங்கள் தாத்தாவாம்.

எழுத்தைப் படிக்கலாமென்றால் சரட்டில் கோக்கப் பற்றவைத்த வளையம் அதன்மேல் உட்கார்ந்திருந்தது. ஆடிப் பதினெட்டன்று காவிரிக்கரையில் பாப்பாயி புதுச் சரடு கட்டிக்கொண்டு பழையதை ஆற்றில் விடும் சமயம், காசைக் கொஞ்சம் பார்த்துவிட்டுத் தருகிறேன் என்று வாங்கினேன். வாங்கியவன் நேரே தட்டாசாரியிடம் போய் வளையத்தை அறுத்துவிட்டேன். உள்ளே இருந்த எழுத்து பாதி தேய்ந்திருந்தது. அகஸ்டஸ், டைபீரியஸ் என்ற இரண்டு ராசாக்கள் மிஞ்சினார்கள். இருவருக்கும் ஒரே மூக்கு.

சந்தேகம் வந்தால் நம் பக்கத்தில் என்ன செய்வோம்? அங்காளம்மன் கோயிலில் பூக்கேட்போம். வெள்ளைப்பூ வந்தால் அகஸ்டஸ், சிவப்பு வந்தால் டைபீரியஸ் என்று மனசில் வைத்துக்கொண்டு, இரண்டையும் இலையில் பொட்டலம் கட்டி ஆத்தா முன்னால் வைக்கச் சொன்னேன்.

பூசாரி சென்றாயன் கேட்டான்: "ஏனுங்க, கிணறு வெட்டக் கேப்பாங்க, பொண்ணு எடுக்கக் கேப்பாங்க. நீங்க என்னத்தக் கேக்கறீங்க?"

"ரெண்டு பேருல ஆருன்னு முடிவாகோணும். அதுவரைக்கும் ஊட்டுல சொல்லிப்போடாதே சாமி" என்றேன். என் கண்டுபிடிப்பை வேறு யாரும் தட்டிக்கொண்டு போய்விடக்கூடாதே என்ற ஜாக்கிரதை.

அவன் எடுத்த பொட்டலத்தில் சிவப்புப்பூ வந்தது. டைபீரியஸ் என்ற சந்தோஷத்தில் வீடு போய்ச் சேருமுன் சேதி போய்ச் சேர்ந்திருந்தது.

"தாலிக் காசை அறுத்துப்போட்டீங்க. ரெண்டு பொண்ணுல எவள்னு ஆத்தாகிட்டயும் கேட்டுப்போட்டீங்க. இன்னும் நான் எதுக்குங்க இங்க?" என்றாள் பாப்பாயி.

"ரெண்டும் ஆம்பள. செத்து ரெண்டாயிரம் வருசம் ஆச்சு" என்று உண்மையைச் சொன்னேன். பேயே பிடித்துவிட்டது என்று முடிவுகட்டி அப்போதே வண்டி பூட்டச் சொல்லிவிட்டாள்.

மச்சான், கேலியை விட்டுச் சொல்கிறேன். அவள் இல்லாமல் இருக்க முடியவில்லை. நான் காய்ச்சும் கம்பங்கூழ் நாய்க்கும் ஆகவில்லை. ஏன் இன்னும் சாப்பிடவில்லை என்று அதட்ட ஆளில்லாத வீட்டில் பசிகூட எடுப்பதில்லை. வளையத்தை மறுபடி பற்றவைத்து, காசுக்கு மஞ்சள் பூசிச் சாமிமாடத்தில் வைத்துவிட்டேன். புத்தகம் பரணில் கிடக்கிறது. அங்காளம்மன் சத்தியமாக இனி எந்த ராசா மூஞ்சியிலும் விழிக்கமாட்டேன். அவளை அனுப்பி வையுங்கள்.

தங்கள் பட்டி பெருகவும், தங்கள் வீட்டில் மங்களம் தழைக்கவும், என் கால்கள் ஒடியாதிருக்கவும் ஆத்தாளை வேண்டும்,

கந்தப்பன்.

பி.கு.: கடிதத்தை ஒட்டுவதற்குள் பாப்பாயியே வந்து இறங்கிவிட்டாள். என்னை மன்னித்து அல்ல. தங்கச்சி செல்லாயி தன் காசுமாலையைக் காட்டி, "எங்க ராசாவுக்கு ஒரு கீறல் இல்லீங்க, உங்க ராசாதான் வெட்டுப்பட்டவரு" என்றாளாம். பார்த்துத் தருகிறேன் என்று இவள் மாலையையே வாங்கி வந்து என் முன்னால் வைத்து, "இது போலின்னு மட்டும் சொல்லிப்போடுங்க, நான் எங்கயும் போகலீங்க" என்கிறாள். புத்தகம் பரணிலிருந்து இறங்கிவிட்டது. வளையங்களையும் அறுத்தாகிவிட்டது, தங்கச்சியிடம் தாங்களே பக்குவமாகச் சொல்லிவிடவும். எல்லாம் அசல் ரோமாபுரிக் காசுகள்தான். ஆனால் இந்த வீட்டில் அவை போலி.